மாயம் நுழையும் இடம்

மாயக்கதை படிக்கிறவனைத் தமிழ் விமர்சனம் ஒரு வாசகனாகவே கணக்கில் எடுத்ததில்லை. பகுத்தறிவு பேசியவர்கள் அவனை மூடநம்பிக்கைப் பேரேட்டில் எழுதினார்கள். யதார்த்தத்தை அளவுகோலாகப் பிடித்த முற்போக்கு விமர்சனம் அவனிடம் நிலப்பிரபுத்துவத்தின் மிச்சசொச்சத்தைக் கண்டது. நவீனத்துவர்களுக்கோ 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல் போதும்; அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பிறகு லத்தீன் அமெரிக்கா வந்தது. 1985இல் தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' வெளிவந்தது. கோவில்பட்டியிலிருந்து கோணங்கியின் 'கல்குதிரை' மார்க்வெஸுக்கென்று ஒரு சிறப்பிதழே போட்டது. மாயத்துக்கு அப்போதுதான் இலக்கிய அந்தஸ்து கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 'மாந்திரீக யதார்த்தம்' என்று பெயர் வைத்து, யதார்த்தத்தை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லித்தான் மாயத்தை வெளியே விட்டோம்.

அந்த இதழ்களால் வந்த நன்மையை மறுக்கவில்லை. நானும் அவற்றைப் படித்து வளர்ந்தவன்தான். கேள்வி வேறு. கொலம்பியாவைச் சுற்றி நம்மிடம் வந்து சேர்வதற்கு முன்னால் நூறு நூற்றைம்பது வருஷம் மாயத்தை யார் வைத்திருந்தார்கள்? கோவில்பட்டிக்குத் தெற்கே, தாமிரபரணியைத் தாண்டி, பச்சையாற்றங்கரையில் களக்காடு வரைக்கும் வந்து கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும். ஆசைக்காகப் படித்தவர்கள் வைத்திருந்தார்கள். கூலி கேட்காமல் ஏடு பார்த்து எழுதியவர்கள், எழுதும்போது நாலு வரி சேர்த்தவர்கள், பிடிக்காததை விட்டுவிட்டவர்கள், கேட்ட கதையைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிச் சொன்னவர்கள் வைத்திருந்தார்கள். இவர்களுக்கு 'படைப்பாளி' என்ற பட்டம் இல்லை. ஆனால் பிரதி இவர்கள் கையில்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே இவர்களை ரசிகர்கள் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போக முடியாது. அந்த மாற்றங்களில் சாதியும் ஆண் அதிகாரமும் என்ன வேலை செய்தன, எங்கே மாட்டிக்கொண்டு முழித்தன என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'பெரிய எழுத்து'ப் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம். இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சென்னை குஜிலிக் கடைகளிலிருந்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் புலந்திரன் களவு மாலையும் திருவிழாக் கடைகள் வழியாக ஊர் ஊராகப் போய்விட்டன. பின்னால் இரத்தின நாயகர், ஆர்.ஜி. பதி கம்பெனி போன்றவர்கள் இந்த வியாபாரத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். சாணித்தாள், கோட்டுப்படம், தடித்த எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்காகவும் மண்ணெண்ணெய் விளக்குக்காகவும் செய்த எழுத்து அது. ஒருத்தர் ராகம் போட்டுப் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்பார்கள். இந்தப் பத்துப் பேரை நம் இலக்கிய வரலாறு எண்ணியதில்லை. 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை முதல் நாவல் என்று பாடம் நடத்துகிறோம். முன்சீப் வேலை பார்த்த வேதநாயகம் பிள்ளை எழுதிய அந்தக் கதையிலும் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆள்கிறாள். திண்ணைக்காரர்களிடமிருந்து வந்த சரக்குதான் அது. நாவல் என்று பெயர் வைத்ததும் கௌரவம் வந்துவிட்டது.

அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே கதை சேகரித்த நடேச சாஸ்திரி, மதனகாமராஜன் கதையை 1886இல் ஆங்கிலத்தில் கொடுத்தார். படித்த உத்தியோகஸ்தருக்கு இது நாட்டுப்புறவியல். விளக்கடியில் உட்கார்ந்து கேட்டவளுக்குப் பொழுதுபோக்கு. ஒரே கதைதான்.

இந்தப் புத்தகங்களில் 'அல்லி அரசாணி மாலை' எனக்கு முக்கியமாகப் படுகிறது. அல்லி மதுரையை ஆள்கிறவள். ஆண் வாடையே ஆகாது. காவலும் படையும் பெண்கள். அவளை ஆசைப்பட்டு வந்த அர்ச்சுனனால் நேர்வழியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேசியும் மசியவில்லை, வீரம் காட்டியும் நடக்கவில்லை. கடைசியில் கண்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அவள் படுக்கைக்குள் போகிறான். தூக்கத்தில் தாலி ஏறிவிடுகிறது. கதையில் மாயம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். ஆண் இல்லாமல் ஆளவும் வாழவும் முடியும் என்று ஒரு பெண் நிரூபித்துக் காட்டிவிட்ட இடத்தில் நுழைகிறது. அவளைக் குடும்பத்துக்குள் கொண்டுவர உலக நடப்பில் வேறு வழியில்லை என்று தெரிந்தபிறகுதான் கதை பாம்பைக் கூப்பிடுகிறது. ஆக, மாயம் இங்கே அதிகாரத்தின் கடைசி ஆயுதம்.

ஆனால் பிரதி இத்தோடு முடிவதில்லை. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள். அல்லி கதையில் பாதிக்குமேல் அவளுக்கு வாய்ப்பாடம். பாம்பு வரும் இடம் நெருங்கினதும் நிறுத்திவிடுவாள். "அதுக்குப் பொறவு என்ன கெடக்கு, அம்புட்டுத்தான்" என்பாள். எங்கள் வீட்டில் அல்லிக்குக் கல்யாணமே ஆகவில்லை. நவீனக் கோட்பாடு பேசுகிறவர்கள் 'வாசகர் பிரதியை உருவாக்குகிறார்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த 'அம்புட்டுத்தான்' நினைவுக்கு வரும். காசுக்கு எழுதுகிறவனால் கதையை அப்படி நடுவில் நிறுத்த முடியாது. ஆசைக்குச் சொல்கிறவளால் முடியும்.

அடுத்து சாதி. அச்சில் பரவிய மதுரைவீரன் கதையில் வீரன் காசிராஜன் மகன். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, அருந்ததியத் தம்பதியால் வளர்க்கப்பட்டவன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இந்தப் பிறப்பைத்தான் எடுத்துக்கொண்டது. பொம்மியை அவன் தூக்கிக்கொண்டு போகலாம், ஊரே கைதட்டும். ஏனென்றால் தூக்கிப் போனது ராஜ ரத்தம். மீறல் நடந்தது மாதிரியும் இருக்க வேண்டும், நடக்காத மாதிரியும் இருக்க வேண்டும். அதற்கு ஒரு தொலைந்துபோன இளவரசன் தேவைப்படுகிறான்.

இதே வேலை எங்கள் மலையடிவாரக் கதை ஒன்றில் இன்னும் பச்சையாக நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் பிராமணன். காட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுப் போய், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கண்டு ஆசைப்படுகிறான். வாலப்பகடை நிபந்தனை போடுகிறான்: குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா. முத்துப்பட்டன் அத்தனையும் செய்கிறான். பெண் கேட்டு வந்த மேல்சாதிக்காரனைத் தன் சாதிக்கு இறக்கி எடுத்துக்கொள்கிற மாமனாரை வேறெந்தத் தமிழ்ப் பிரதியில் பார்க்க முடியும் என்று தெரியவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு மாடு திருடர்களோடு சண்டை. முத்துப்பட்டன் சாகிறான், பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். மூவரும் தெய்வமாகிவிடுகிறார்கள்.

இந்தக் கதையைப் பதிப்பித்தவர் நா. வானமாமலை. களக்காட்டுக்குப் பக்கத்து ஊரான நாங்குநேரிக்காரர் (1917-1980). வாழ்நாளின் பெரும்பகுதி பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்துக்கொண்டு, 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தவர். பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையைத் தன் நேரத்தில் செய்த மனுஷர். கதைப்பாடலில் ஒரு ஒட்டு இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பிறப்புக்கதை பின்னால் சேர்ந்திருக்கிறது. சேர்ந்ததும் என்ன ஆகிறது? பிராமணன் பிராமணத்திகளைக் கட்டினான் என்று ஆகிவிடுகிறது. அறுத்த பூணூல் அறுபடாததாகிவிடுகிறது. சாதி மறுப்பு ஒரு ஆள்மாறாட்டக் குழப்பமாகச் சுருங்கிவிடுகிறது. வானமாமலையின் மார்க்சியத்தில் எனக்குச் சண்டை பிடிக்க நிறைய உண்டு. மாயத்தைச் சமூகத்தின் பிரதிபலிப்பு என்பதற்கு மேல் அவர் பல இடங்களில் போகவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு மாயப்பிறப்பு வந்தால் அங்கே எந்த உண்மை புதைக்கப்பட்டிருக்கிறது என்று தோண்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் புத்தகம் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதைக் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்த்தார். வில்லில் இரண்டு வகைக் கதைகள்: கைலாயத்தில் தொடங்கும் பிறப்புக் கதை, வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்தவர்களின் இறப்புக் கதை. கதையும் வழிபாடும் சொந்த ஊரைத் தாண்டிப் பரவப் பரவ, இறப்புக் கதையின் முன்னால் ஒரு தெய்வப் பிறப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் முடிவு. எனக்கு இது இலக்கியத்துக்கே பொருந்துகிற விஷயமாகப் படுகிறது. நம் மாயக்கதைக்குள் இரண்டு மாயங்கள் உண்டு. ஒன்று முன்வாசல் வழியாக வரும் பிறப்பு மாயம்: நீ நினைக்கிற ஆள் இல்லை இவன், இவன் ரத்தம் வேறு என்று சொல்வது. இன்னொன்று பின்வாசல் வழியாக வரும் இறப்பு மாயம்: கொன்றுவிட்டோம் என்று நினைத்தீர்களே, இதோ வந்து நிற்கிறான் என்று சொல்வது. முதலாவது சமாதானம் செய்துவைக்கிறது. இரண்டாவது பாக்கி கேட்கிறது.

இரண்டும் ஒரே கதையில் இருக்கலாம். முத்துப்பட்டன் இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக இருக்கிறான். களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் வந்த பிறகு கோயில் காட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது. வனத்துறைக் கெடுபிடிகளுக்கு நடுவிலும் ஆடி அமாவாசைக்குச் சனம் கூடுகிறது. பட்டவராயனுக்கு நேர்த்திக்கடன் என்ன தெரியுமா? செருப்பு. தோல்செருப்பு செய்து கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், ராத்திரியெல்லாம் அவன் போட்டுக்கொண்டு நடந்திருப்பான் என்று சொல்கிறார்கள். பாட்டில் யாரோ பூணூலைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். கோயிலில் அவன் இன்னும் வாலப்பகடை மருமகனாகத்தான் நடந்துகொண்டிருக்கிறான்.

இந்த ஒட்டுகளை யார் செய்தார்கள்? மேல்சாதிச் சதி என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. சமூக நெருக்குதல் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கை அண்ணாவிகளுடையது, ஏடு படியெடுத்தவர்களுடையது, கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பாட்டை வளைத்தவர்களுடையது. பழைய ஏடுகளின் கடைசியில் எழுதியவர் பேரும் எழுதி முடித்த நாளும் இருக்கும், பிழை பொறுக்கச் சொல்லும் வேண்டுகோள் இருக்கும். எழுத்துப்பிழையைத்தான் அவர்கள் பொறுக்கச் சொன்னார்கள். சேர்த்ததையும் விட்டதையும் பிழையாகவே நினைக்கவில்லை. கதை பொதுச்சொத்து. இந்தச் சுதந்திரம் கதையைச் சாதிக்கு அடகு வைக்கவும் பயன்பட்டது, மீட்கவும் பயன்பட்டது. ஆர்வலன் என்றால் அப்பாவி என்று அர்த்தமில்லை.

இறப்பு மாயத்தை வெளியாள் பார்த்தபோது அவனுக்கு அது பேய் வழிபாடாகத் தெரிந்தது. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1849இல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறு நூலில் இதைப் பற்றி எரிச்சலோடு எழுதினார். அந்த எரிச்சலுக்கு நடுவில் ஒரு தகவல் கிடைக்கிறது. 1809இல் திருவிதாங்கூர்ப் படையரணைப் பிடித்த சண்டையில் படுகாயம்பட்டுச் செத்த ஒரு ஆங்கில அதிகாரியைத் தென்பகுதி மணல்காட்டில் புதைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்துச் சனங்கள் அவனுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டார்கள். அவன்மேல் பாட்டும் கட்டியிருந்தார்கள். கும்பினி ராணுவத்தின் வெள்ளைக்காரன் செத்தபிறகு எங்கள் ஊர் வாதைகளில் ஒருத்தனாகிவிட்டான். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து, பிரிட்டிஷ் பேய்க்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத பாட்டுக்காரனுக்கு நம் இலக்கிய வரலாற்றில் ஒரு வரியாவது தர வேண்டாமா? காலனியத்தைப் பற்றி அவன் செய்த கற்பனையில் பயமும் இருக்கிறது, இளக்காரமும் இருக்கிறது.

அச்சு யுகத்தில் ஜெயித்தது பிறப்பு மாயம்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950-54) கதையின் முடிச்சை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவி பெற்ற உண்மையான வாரிசு. அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்தவன் ஊமைப்பெண் மந்தாகினியின் மகன். பூக்காரன் சிம்மாசனம் ஏறுகிறான். ஆனால் பூக்காரனாக ஏறவில்லை. மதுரைவீரன் அம்மானையைக் குனிந்து பார்த்துச் சிரித்த நடுத்தர வர்க்கம், அதே கொடி சுற்றிய குழந்தையை மெத்தைமேல் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சுகிறது. தமிழில் ஆர்வலர் எழுத்து அதிகம் முளைத்ததும் இந்த நாவலைச் சுற்றித்தான். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' தொடங்கி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. 2022, 2023இல் படம் இரண்டு பாகமாக வந்தபோது அந்த ஆசை இன்னொரு தலைமுறைக்கும் தொற்றியது. தொடர்ந்து எழுதியவர்களில் யாராவது, பூங்குழலியை ராணியாக்காமல் படகிலேயே விட்டுப் பார்த்திருந்தால் நான் தேடிப்போய்ப் படிப்பேன்.

வெளிநாட்டிலும் நிலைமை ரொம்ப வித்தியாசமில்லை. டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் வாத்தியார். மொழிகளை இட்டுக்கட்டுவது அவருக்கு ரகசியப் பொழுதுபோக்கு. அந்த மொழிகளைப் பேச ஆள் வேண்டுமே என்றுதான் ஒரு உலகத்தையே கட்டினார். 1930களில் நண்பர்கள் குழுவில் ஒருத்தருக்கொருத்தர் வாசித்துக்காட்டிச் செதுக்கிய எழுத்து அது. 1954-55இல் மூன்று பகுதிகளாக வந்த 'மோதிரங்களின் தலைவன்' கதையிலும் காட்டில் அலைந்து திரிகிற ஆள் மறைந்து வாழும் அரச வாரிசு. அமெரிக்காவில் லவ்கிராஃப்ட் 1914இல் ஆர்வலர்கள் தாங்களே அச்சடித்து அஞ்சலில் சுற்றுக்கு விட்ட இதழ்களின் சங்கத்தில் சேர்ந்து, அதில் எழுதித்தான் பழகினார். அவரிடம் இளவரசன் இல்லை. ஆனால் ரத்தம் கலந்துவிடுமோ என்ற வெள்ளை இனவெறிப் பயம் பிசாசாகி வந்து நிற்கிறது. ஆர்வலன் தன் காலத்து அழுக்கைத் தன் மாயத்துக்குள் கொண்டுவராமல் இருப்பதில்லை. அந்த அழுக்கு எங்கே தேங்கியிருக்கிறது என்று மற்ற ஆர்வலர்கள்தான் கண்டுபிடித்தாக வேண்டும். விமர்சகன் அங்கே போகவே மாட்டான்.

நம் ஊரில் ஆர்வத்துக்கும் வர்க்கம் உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் 1920களில் கூடிக் கம்பனைப் படித்தவர்களுக்குக் கிடைத்த பெயர் ரசனை. வக்கீலும் உத்தியோகஸ்தரும் பொழுதைப் போக்கினால் அது ரசனை, கூலிக்காரி பொழுதைப் போக்கினால் பொழுதுபோக்கு. அதே வண்ணார்பேட்டையில் திரிந்துகொண்டு, அந்தத் தொட்டிக்குள் ஒருக்காலும் ஒட்டாத ஒருவர் புதுமைப்பித்தன். அவரை நாம் 'பொன்னகரம்', 'துன்பக்கேணி' என்று யதார்த்தக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டோம். மாயக்கதைகளின் தீராத ஆர்வலர் அவர் என்பதைப் பக்கக்குறிப்பாக ஒதுக்கிவிட்டோம். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனை 'பிரேத மனிதன்' என்று 1943இல் தமிழில் தந்தவர் அவர். 'பிரம்மராக்ஷஸ்', 'ஞானக்குகை', 'கபாடபுரம்' எல்லாம் வெறும் உத்திப் பரிசோதனைகள் இல்லை, ஒரு வாசகனின் வெறி.

அந்த வெறிக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. பிறப்பு மாயத்தை அவர் தொட்டதே இல்லை என்று சொல்லலாம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னை பிராட்வே முனையில் வந்து இறங்குகிறார். வந்தவரால் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் ஆடிப் பிழைக்கப் பார்த்தாலும் யாரும் சீந்தவில்லை. கந்தசாமிப் பிள்ளை அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய மாயம் எது?) 'சாபவிமோசன'த்தில் சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். அல்லி கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பெண்ணை மடக்க வந்தது மாயம். இங்கே தீர்ப்புச் சொன்ன ஆண்களிடமிருந்து பெண் விலகிப் போகும் வழி அது. 'காஞ்சன'யில் மாயம் பிச்சை கேட்டு வாசலுக்கு வரும் பெண்ணாக வருகிறது. வீட்டுக்காரி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் யார், மனுஷியா பேயா என்று புருஷன்காரனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இயற்கைக்கு உட்பட்டதா அப்பாற்பட்டதா என்று முடிவுகட்ட முடியாத தயக்கம்தான் விந்தைப்புனைவின் உயிர் என்று தொதோரோவ் 1970இல் எழுதினார். சரிதான். ஆனால் அந்தத் தயக்கம் யாருடையது என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. சம்பளக்காரியின் பெயரும் ஊரும் தெரியாத வீட்டு எஜமானுடைய தயக்கம் அது.

அம்புலிமாமாவையும் காமிக்ஸையும் இங்கே சேர்க்காவிட்டால் என் தலைமுறை என்னை மன்னிக்காது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த வேதாளத்தை முதுகில் சுமக்காத தமிழ்ப் பையன் யார்? வேதாளம் பிணத்துக்குள் இருந்து கேள்வி கேட்கிறது என்பதை இப்போது கவனிக்கலாம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. மூலம் பிரிட்டிஷ் சரக்கு. விபத்தில் கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளன், பொருத்திய எஃகுக் கை, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். இதைத் தமிழாக்கிய ஊர் அச்சுக்கும் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் பேர்போனது. மருந்து வெடித்துக் கையும் விரலும் போனவர்கள் தெருவில் நடமாடுகிற ஊரில், கை போனவன் மாயாவியானான். இளவரசப் பிறப்பெல்லாம் இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. வேலைக்களத்தில் பட்ட காயத்திலிருந்து சக்தி பிறக்கிறது. களக்காட்டில் என்னோடு படித்தவர்கள் பழைய முத்து காமிக்ஸைக் கைமாற்றிப் படித்துவிட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் சொந்தமாக மாயாவிக் கதைகள் எழுதினார்கள். அவற்றில் மாயாவி தலையணையில் குளிப்பான், பச்சையாற்றில் மணல் அள்ளுகிறவர்களைக் கையால் தூக்கி எறிவான். எனக்குத் தெரிந்து அந்த நோட்டுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை.

திரும்பவும் மலைக்குப் போகலாம். சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் பரம்பரை அறங்காவலர்கள் சிங்கம்பட்டி ஜமீன்தார்கள். அந்த ஜமீன் 1929இல் தன் மலைக்காட்டில் ஒரு பெரும்பகுதியைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. முத்துப்பட்டன் அலைந்த மலையில் மாஞ்சோலைத் தேயிலை வளர்ந்தது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின்மேல் போலீஸ் தடியடி நடந்தது. ஓடியவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. பழைய கணக்கில் பார்த்தால் இப்படிச் செத்தவர்கள் சும்மா போகிறவர்கள் இல்லை. கனவில் வருவார்கள், பீடம் கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். கேட்டதைக் கொடுக்கும் வரைக்கும் ஊரை விடமாட்டார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் பூப் போடுகிறார்கள்.

அந்தச் சாவுகளைப் பற்றி 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் வந்தது. எடுத்தவர் ஆர்.ஆர். சீனிவாசன். திருநெல்வேலியில் நல்ல படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டவர். சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை அது. காமிராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவதற்கு முன்பே அவர் நடத்திவந்த திரைப்பட இயக்கத்தின் பெயர் 'காஞ்சனை'.